ஈசான மூலைக்கு ஓடும் தண்ணீர்

1. கோடை மழை ஒன்றில், நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய செவன் கிங்ஸில், எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தது.
2. காப்புறுதி நிறுவனம் தரையைப் புதிதாகப் போட்டுத் தந்தது.
3. காப்புறுதியைப் புதுப்பிக்குமுன் வீட்டைப் பார்க்க ஒருவரை அனுப்பியது.
4. பின்முற்றத்துக் கல்தரை வீட்டை நோக்கிச் சரிகிறது, அதை மாற்றாவிட்டால் வெள்ளத்துக்குக் காப்பு கிடைப்பது கடினம் என்றார் அவர்.
5. அந்தச் சரிவு வேண்டுமென்றே வைத்தது என்றார் அப்பா.

ஐந்தாவதை நான் எதிர்பார்க்கவில்லை. வாஸ்துப்படி ஈசான மூலை, அதாவது வடகிழக்கு, பள்ளமாக இருக்கவேண்டும் என்று, வீடு வாங்கிய கையோடு அப்பா கல் பதித்திருக்கிறார். எங்கள் ஈசான மூலையில் இருப்பது சமையலறைக் கதவு. நான் வடிகால் பொறியியலாளர். தெருச் சாக்கடை பொங்கித்தான் தண்ணீர் வந்தது என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது அதுவும் நிச்சயமில்லை.

வெள்ள அபாயமுள்ள வீடுகளையும் நிறுவனங்கள் கைவிடாதிருக்க, அரசு சட்டம் போட்டு அமைத்த பொதுத் திட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் காப்பு அதில்தான் தொங்குகிறது. அதைச் சீர்திருத்த வேண்டும், வீட்டைப் பாதுகாத்துக்கொள்பவர்களுக்கே சலுகை என்று இப்போது பேசுகிறார்கள். அலுவலகத்தில் என் கருத்தைக் கேட்டார்கள். நல்ல யோசனை என்று எழுதத் தொடங்கி, அப்பாவை நினைத்து நிறுத்திவிட்டேன்.

சரிவை மாற்றச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

"ஏலாது பிள்ளை. இந்த வீட்டுக்கு வந்தாப்பிறகுதான் எனக்கு நிரந்தர வேலை கிடைச்சது. நீயும் யுனிவர்சிட்டிக்குப் போனனீ."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஓம், தண்ணியும் இந்த வீட்டுக்குத்தான் வந்தது."

சரிவை விட்டுவிட்டு, அந்த மூலையில் நிலத்துக்குள் ஒரு தொட்டி கட்டி, சேரும் நீரைப் பம்ப் வைத்து வெளியேற்றலாமா என்று கேட்டேன். அப்பா யோசித்தார்.

"ஈசானத்தில தண்ணி நிக்கிறது நல்லதுதான். கட்டு."

அவருக்கு அது கிணறு. எனக்கு அது மின்சாரம் போனால் நின்றுவிடும் ஒரு பம்ப். இரண்டு பேரும் சம்மதித்தது ஒரே விஷயத்துக்குத்தானா என்று தெரியவில்லை. நிறுவனத்தைக் கேட்டேன். தொட்டியை வெள்ளப் பாதுகாப்பு ஏற்பாடாக ஏற்பதா என்பது புதிய விதிகள் வந்த பிறகே தெரியும் என்றார்கள். விதிகள் எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியாது.

தொட்டிக்குக் குழி வெட்டியாகிவிட்டது. சரிவு அப்படியே இருக்கிறது. காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாள்வரை வெள்ளக் காப்பு உண்டு. அதற்குப் பிறகு உண்டா என்று யாரும் சொல்லவில்லை.