ஆணி இருந்த உயரம்

மார்ச் 4. மணிக்கட்டுப் பட்டை, வலது கைக்கு: 640.
மார்ச் 19. நரம்புப் பரிசோதனை: 1,900.
ஏப்ரல் 2. கத்தரிக்கோல் இரண்டுக்குச் சாணை: 120.
மே 11. கண்ணாடி இறக்கிய கூலி, ஆணி உட்பட: 300.

சின்னவளின் கைக்காக அந்த ஆண்டு ஆன செலவு இவ்வளவுதான். அவள் பட்ட பாடு இந்த நான்கு வரியில் அடங்காது.

பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடையை அக்காளும் தங்கையுமாகத் தொடங்கினார்கள். பெரியவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். சின்னவள் அவள் தோளுக்குத்தான் வருவாள். பெரியவள் வேறு ஊருக்குக் குடிபோனபோது சாவியைத் தங்கை கையில் வைத்து, உன்னை நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்றாள். அந்தச் சொல்லைச் சின்னவள் பதினான்கு ஆண்டுகளாகக் காப்பாற்றினாள். துவாலை அலமாரி, சீப்பு ஜாடி, சுவர்க் கண்ணாடி எல்லாம் அக்கா வைத்த இடத்திலேயே இருந்தன. கண்ணாடி உயரத்தில் தொங்கியதால், உட்காருகிறவர் முகம் தெரிய நாற்காலியை மிதித்து மிதித்து உச்சிக்கு ஏற்ற வேண்டும். சின்னவள் முழங்கையைத் தோளுக்குத் தூக்கி, மணிக்கட்டை மடக்கித்தான் வெட்டுவாள். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர ஆரம்பித்தது. நாலு பேருக்கு வெட்டிவிட்டு, தண்ணீர் சொட்டும் கையை உதறுவதுபோல் உதறுவாள். பிறகு சீப்பு நழுவியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். இரண்டு விரலுக்கு நடுவே முடியைப் பிடித்ததுமே அதன் அடர்த்தி தெரிகிற கை அவளுடையது. இப்போது துணி சுற்றிய விரலால் தொடுவதுபோல் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறது என்றார் மருத்துவர். தூங்கும்போதும் வேலை இல்லாதபோதும் பட்டை கட்டச் சொன்னார். வேலையைக் குறைக்கச் சொன்னார். அறுவைக்கான பட்டியலில் பெயரைச் சேர்த்திருப்பதாக மருத்துவமனையிலிருந்து முதல் கடிதமும் வந்தது. அறுவை என்றால் கடையை மாதக்கணக்கில் மூட வேண்டும். மூடிய கடைக்கு வாடகை கொடுக்க அவளால் ஆகாது.

விடுமுறை நாளொன்றில் அடுப்படியில் உட்கார்ந்து, கடையைக் கொடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். பேருந்து ஓட்டும் அவள் வீட்டுக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவளிடம் தலையைக் கொடுத்து, பேசாதே, ஆடாதே என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், அன்றுமுதல் பணிமனைக்குப் பக்கத்துக் கடைக்குத்தான் போய்வந்தார்.

"வெட்டு. கோணலாப் போனா தொப்பி இருக்கு."

"விரல்ல உணர்ச்சியே சரியா இல்லைங்க. காதுல பட்டுடும்."

"ஒண்ணு போதும். நீ பேசறதுல பாதி கேட்டாக்கூட நிறைவா இருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். மெதுவாக, பின்கழுத்திலிருந்து மேலே. முடித்ததும் அவர் கழுத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒரு தடவைகூட நீ கைய உதறலையே."

சின்னவள் தன் கையைப் பார்த்தாள். முழங்கை விலாவை ஒட்டியிருந்தது. மணிக்கட்டு நேராக இருந்தது. முக்காலி அவ்வளவு தாழ்வு.

காரணம் புரிந்தும் அவள் ஒரு வாரம் சும்மா இருந்தாள். நாற்காலி இறங்க வேண்டுமானால் கண்ணாடி இறங்க வேண்டும். அது அக்கா மாட்டிய கண்ணாடி. கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள். மறுமுனையில் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பைத்தியமே, நான் எங்கடி அளவு பாத்தேன்? நாம வாடகைக்கு வந்தப்பவே ஆணி அங்க இருந்துச்சு. அதுல மாட்டினேன்."

சிரிப்பு அடங்கியதும் குரல் மாறிவிட்டது.

"எத்தனை நாளா வலிக்குது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கடையை என்னை நம்பி விட்டுட்டுப் போனியேக்கா."

"கடையைத்தானே பாத்துக்கச் சொன்னேன். கைய விட்டுக்கொடுக்கச் சொன்னேனா?"

தச்சர் வந்து கண்ணாடியை ஒரு சாண் இறக்கினார். மேலே பழைய சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு பட்டைபோல் தெரிந்தது. பழைய ஆணியைப் பிடுங்க வேண்டாம் என்றாள் சின்னவள். வேலை நேரத்தில் கழற்றிய மணிக்கட்டுப் பட்டை அதில் தொங்கியது. முடி உலர்த்தும் கருவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நாலு பேருக்கு ஒருமுறை கையை மடியில் வைத்து ஓய்வு கொடுத்தாள். நெடுநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி உட்கார்ந்ததும், நான் குட்டையாகிவிட்டேனா என்று கேட்டாள்.

உணர்ச்சி ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல். கட்டைவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மந்தம் நின்றுவிட்டது. ஆகஸ்டில் மறுபடி நரம்பைச் சோதித்தார்கள். இந்த முறை கட்டணம் இல்லை. அறுவை இப்போது தேவையில்லை, பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது என்ற கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை.