கயிறு பிடித்த ரொசாலி அக்கா

ஆலைக்குள் நுழையும்போது ஏழுமலை மாமா வாசலில் நின்றிருந்தார். "ரொசாலி போயிடுச்சிடா" என்றார். எமன்மேல் வந்த ஆத்திரத்துக்கு, கையிலிருந்த தூக்குச்சட்டியைச் சுவரில் அடித்தேன்.

எங்கள் ஊர் கருவடிக்குப்பத்தாருக்கு ரொசாலி அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகப்பன் பிரெஞ்சுச் சிப்பாய். தாய் ஏழுமலை மாமாவின் அக்காள். ரொசாலி அக்கா, கால்விரல் நுனியில் நின்று ஆடும் பாலே ஆட்டத்தைப் பாரீசில் ஆடிப் பிழைத்தவர். நாற்பது வயதில் முழங்கால் தேய்ந்து, ஆட்டக் கம்பெனி ஓய்வு கொடுக்க, பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் இங்கே வந்தார்.

"இன்னும் ஒரு ஆட்டத்துக்குத்தான் இந்தக் கால் தாங்கும். அதை எங்கம்மா ஊர்ல, திரௌபதி அம்மன் எதிர்ல ஆடணும்" என்றார்.

கூத்துக் களத்தில் பொம்பளையா என்று ஊர் கொதித்தது. அவர் வீட்டு ஓடுகள் கல்லடியில் நொறுங்கின. பீமன் வேஷம் கட்டும் ஏழுமலை மாமா நடுத்தெருவில் அவரை அறைந்தார். "எங்கக்காவ இட்டுக்கினு போனவன் ரத்தம் நீ. இந்த மண்ணுல உனக்கு இன்னா பாத்தியதை?"

அக்கா வாயோரம் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "பாதி ரத்தம் உங்களுது மாமா. எந்தப் பாதியை அடிச்சீங்க?"

அந்தக் கேள்வி வீடு வீடாகப் போயிற்று. திருவிழாக் கடைசி நாளில், பீமன் துரியோதனனை வீழ்த்தும் படுகளம் முடிந்ததும் ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம் என்று ஊர் இறங்கி வந்தது.

படுகளத்தில் துரியோதனன் வேஷம் எனக்கு. நான் ஓட வேண்டும், பீமன் துரத்த வேண்டும். பீமனுக்கு ஆவேசம் ஏறினால் கொலை விழும் என்று, அவன் இடுப்பில் வடக்கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடிப்பது வழக்கம். அன்று காலை மாமா கதாயுதத்தை ஓங்கினார். "கோவிந்தா" என்று சனம் மொத்தமும் கையைத் தலைக்குமேல் தூக்கியது. கயிறு பிடித்த புண்ணியவான்களும் பக்தி முற்றிக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நான் இடறி விழுந்தேன். கட்டைக் கதாயுதம் என் மண்டைக்கு வந்தது. சர்ச்சில் வளர்ந்த அக்காவுக்குக் கோவிந்தா போடத் தெரியாது. அவர் கை மட்டும்தான் கீழே இருந்தது. பாய்ந்து மாமாவின் இடுப்பைப் பிடித்துத் திருப்பினார். அடி அவர் முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியும் அவர் பிடியை விடவில்லை. திமிறித் திமிறி ஓய்ந்த மாமா அவர் மடியிலேயே மூர்ச்சையானார்.

அவருடைய அந்த ஒரு ஆட்டம் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் அழுதேன். "எங்க ஆட்டத்துல, எகிறி குதிக்கறவளைப் பிடிக்க ஒருத்தன் இருப்பான். எப்பவும் நான்தான் குதிச்சேன். இப்பதான் பிடிச்சேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அவரும் அழுதார்.

மறு வருஷம் மாமா வேஷம் கட்ட மறுத்தார். "கயிறை அது பிடிச்சா கட்டறேன்" என்றார். ஊரும் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து அக்கா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்று நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு வருஷம் தவறாமல் பிடித்தார். கோவிந்தா மட்டும் கடைசிவரை போடவில்லை.

அந்த வடக்கயிற்றை மாமா அவருடைய சவப்பெட்டியில் வைத்துவிட்டார். இனிமேல் பீமன் வேஷம் கட்டப்போவதில்லையாம். அக்காவின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. தலை சீவும்போது தடவிப் பார்த்துக்கொள்கிறேன். இந்த மண்டை இருக்கிறது.