கூப்பிட்டால் கதவு திறக்கிற வழி

நயினார்கோவில் பக்கத்து மலையாண்டி மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். வண்டி ஓட்டுவதில் சூரர். தூக்கத்தை அடக்குவதில்தான் சூன்யம். தை மாதத்தில் ஒரு ராத்திரி வாலிநோக்கத்துக்கு மீன் எடுக்கப் போகையில் கண் சொருகி, கருவேலங்காட்டுப் பள்ளத்தில் கால் ஒடிந்து வண்டிக்கு அடியில் கிடந்தார். விடிந்து ஆடு பத்தி வந்தவன் தூக்கிவிடும்வரை அவர் போட்ட சத்தத்தை ஒரு நரிகூடச் சட்டை செய்யவில்லை.

கால் கூடியதும் மறுபடி கிளம்பினார். கிளம்பாமல் முடியாது. வாலிநோக்கம் கரையில் விடியுமுன் ஏலம் விட்டுவிடுவார்கள். ராமநாதபுரத்தில் வேனில் வருகிற ஐஸ் மீனை வாங்கி வந்தால், ஊர்ப் பொம்பளைகள் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு வெண்டைக்காய் வாங்கப் போய்விடுகிறார்கள்.

அவர் பெண்டாட்டி அமுதவள்ளி வண்டிச் சாவியையும் மாற்றுச் சாவியையும் எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள்.

"வழிய நான் சொல்றேன். அதுல போறதுன்னா போங்க. இல்லன்னா சாவி கெணத்துக்குள்ள."

மகள் போனில் நீலக் கோடு போட்டு ஒரு வழி காட்டினாள். அந்தக் கோட்டோரத்தில் ஆள் குடியிருக்கிற வீடு உண்டா என்று அமுதவள்ளி கேட்டாள். போனுக்கு அது தெரியவில்லை. அவளுக்கோ அது ஒன்றுதான் கணக்கு. குழி இருக்கட்டும், பன்றி குறுக்கே ஓடட்டும். வண்டி நின்றுபோனால் நடந்து போய்க் கூப்பிட ஒரு வீடு வேண்டும், கூப்பிட்டால் அந்த வீட்டுக் கதவு திறக்க வேண்டும்.

அதனால் பட்டப்பகலில் ஒரு சாவியை மட்டும் அவிழ்த்துக் கொடுத்து, புருசன் பின்னால் உட்கார்ந்து வழி பார்க்கப் போனாள். சத்திரக்குடிப் பக்கம் சின்னம்மா மகள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு நேராகவே கேட்டாள்: "ராத்திரி இந்த மனுசன் வந்து கத்துனா எந்திரிப்பியா, காது கேக்காத மாதிரி கெடப்பியா?" அவள் பிள்ளைகள் மேல் ஆணையிட்டாள். உத்தரகோசமங்கையில் நூறு நாள் வேலையில் சிநேகமான ஒருத்தி வீடு. அங்கே நாய் பொல்லாதது. அதற்கு ஒரு கருவாட்டைப் போட்டு, மலையாண்டியின் கையை மோந்து பார்க்க வைத்தாள். நாயும் ஒத்துக்கொண்டது.

அங்கிருந்து மெயின் ரோட்டில் நேராகப் போனால் வீரமணியின் பஞ்சர் கடை. ராத்திரி பூரா டியூப் லைட் எரியும். உப்பு லாரிக்காரர்கள் நின்று டீ குடிப்பார்கள். அதைவிடப் பத்திரமான இடம் அந்தச் சீமையில் கிடையாது. ஆனால் வீரமணி அமுதவள்ளியின் கூடப்பிறந்த தம்பி. மகள் காதுகுத்துக்கு, மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் நேரத்துக்கு வரவில்லை. நேரம் தப்பிவிடும் என்று பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். பிறகு வந்தவன் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அன்றோடு பேச்சு நின்றது. அந்தக் கடையைத் தாண்டக்கூடாது என்றுதான் மலையாண்டி முள்ளுக்காட்டுப் பாதையில் போய் விழுந்ததும்.

"எடது பக்கம் திருப்புங்க" என்றாள் அமுதவள்ளி.

"இதுலதான புள்ள விழுந்தேன்."

"கண்ணத் தொறந்துக்கிட்டுப் போனா விழமாட்டீக."

கண்ணைத் திறந்துகொண்டுதான் போனார். பின் டயரில் கருவேல முள் ஏறியது. அமுதவள்ளி நாலு திசையும் பார்த்துக் கூப்பிட்டாள். காக்காய்தான் பறந்தது. பகலிலேயே இந்த லட்சணம் என்றால் ராத்திரி மனிதன் கிடந்து செத்தாலும் கேட்பாரில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினாள், மெயின் ரோட்டுப் பக்கமாக.

கடை வந்ததும் வேப்பமரத்தடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வீரமணி முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு டயரோடு பேசினான்.

"முள்ளுக்காட்டுல போகாத. இங்கன ராத்திரி லைட்ட அணைக்கிறதில்ல."

அமுதவள்ளி மரத்திடம் சொன்னாள். "காதுகுத்துக்கு வரத் தெரியாதவுகளுக்கு ராத்திரி மட்டும் முழிப்பு இருக்குமாக்கும்."

"அன்னைக்கும் ஆட்டோவுக்குப் பஞ்சர்தான் ஒட்டுனேன். உள்ள புள்ளத்தாச்சி வலியில துடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு."

இத்தனை வருசமாக அதை யாரும் கேட்டதில்லை. அவனும் வீம்புக்குச் சொன்னதில்லை. அமுதவள்ளி கொஞ்ச நேரம் மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத அன்னைக்கே சொல்ல வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாக?" என்று மரத்திடமே கேட்டுவிட்டு, முந்தியை அவிழ்த்து, மாற்றுச் சாவியையும் புருசன் கையில் கொடுத்தாள்.

இப்போது மலையாண்டி மெயின் ரோட்டில்தான் போகிறார். கடையைத் தாண்டும்போது ஆரன் அடிப்பார். வீரமணி லைட்டை ஒருதரம் அணைத்துப் போடுவான். உடனே அக்காள் போனுக்கு ஒரு மிஸ்டு கால். அமுதவள்ளி அதை எடுக்கமாட்டாள். இன்னும் பேச்சு வார்த்தை கிடையாது. மணி அடித்து நின்றதும் திரும்பிப் படுத்துக் குறட்டை விடுவாள்.