தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பூத்த பவளம்

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே நுழைகிற ஒரு சந்தில், முதல் மாடியில் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான். 'குடியிருந்தோம்' என்றால் நானும் என் மாமியாரும். என் கணவர் மாலத்தீவில், ஒரு தீவு ஓட்டலில் ஏசி மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்தாலும் ஒரு பாவாடைக்குக் காணாது. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள், எனக்குக் கணக்கு இப்படித்தான் வரும்.

பேச நேரமில்லாத நாளில் அவரிடமிருந்து ஒரு வீடியோவாவது வந்துவிடும். எல்லாம் கடலுக்கு அடியில் எடுத்தது. ஊதா நிறத்தில் கிளை கிளையாக ஒன்று. பச்சைப் பொத்தான் மாதிரி கூட்டமாக ஒன்று. நடுவில் மஞ்சள் மீன்கள் போகும், வரும். ஒரே வீடியோவை நான் பத்து தடவை பார்ப்பேன். அவர் பார்த்ததை நானும் பார்க்கிறேன் என்று ஒரு சந்தோஷம். கூடவே, மனுஷன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டு குளுகுளுவென்று இருக்கிறாரே, நான் இங்கே கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று வயிற்றெரிச்சலும் உண்டு.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் கடல் எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கரையெல்லாம் கொட்டிய பாறாங்கல். தண்ணீர் பழுப்பு. பிறந்ததிலிருந்து கடலோரத்தில் வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீருக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்த வருடம் தீபாவளி முடிந்து, பல் வலிக்காகத் தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் வரவேற்பறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் என் வீடியோவில் வந்த அதே பச்சைப் பொத்தான்கள், உயிரோடு, ஆடிக்கொண்டு. என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். கோடையில் அவர் லீவில் வரும்போது நம் வீட்டிலும் ஒரு பவளம் இருக்க வேண்டும். உயிரோடு, விரிந்து இருக்க வேண்டும். அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அதுவரை அவரிடம் மூச்சுவிடக் கூடாது.

கொளத்தூர் மீன் கடைத் தெருவில் நான் போய் நின்றதும் கடைக்காரர், "சொம்மா ரெண்டு கோல்டுஃபிஷ் வாங்கினு போக்கா. இது பேஜாரு புட்ச வேல" என்றார். நான் நகரவில்லை. நல்ல மனிதர், உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கடலில் வளர்கிற கல் பவளத்தை எடுக்கவே கூடாது, சட்டப்படி குற்றம். தொட்டியிலேயே நறுக்கி வளர்க்கிற மென்பவளம் இருக்கிறது, 'பட்டன்' என்பார்கள், அதுதான் நமக்கு. தொட்டி சின்னதாக இருந்தால் கஷ்டம் பெரிது, தண்ணீர் சீக்கிரம் கெடும். மெட்ராஸ் வெயில் அதற்கு ஆகாது. முதலில் கல்லும் தண்ணீரும் மட்டும் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பக்குவப்படும்.

கீறல் விழுந்த பழைய தொட்டி ஒன்றையும், பவளம் வளர ஒரு நீல லைட்டையும் தள்ளுபடியில் கொடுத்தார். காயலான் கடையில் கெட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன் ஒன்றை நான் வாங்கினேன். வெயிலுக்குத் தண்ணீர் மேல் காற்று வீச அது போதும் என்றார். எல்லாம் சரி. கடைசியில் உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். வெளிநாட்டு உப்பு. விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.

"உப்பா? எங்கூட்டு பின்னால கடலே கீதுண்ணா."

"கரையோரத் தண்ணி வாணாக்கா" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். வேறு ஊர்க்காரியாக இருந்தால் மறுபேச்சில்லாமல் அந்தப் பாக்கெட்டை வாங்கியிருப்பாள். கடலோரத்தில் பிறந்தவளைக் கடல் தண்ணீருக்குக் காசு கொடு என்றால் அவள் எப்படிக் கொடுப்பாள்?

காலையில் பாறாங்கல் மேல் நின்று கயிறு கட்டிய வாளியில் மொண்டேன். மாமனாரின் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. மாமியார் படிக்கட்டில் நின்று தெருவே கேட்கச் சொன்னார்: "ஊர்ல கீற மருமவளுங்க நல்ல தண்ணிக்குக் கொடத்த தூக்கினு ஓடறாளுங்க. எங்கூட்டு மகராசி கடல் தண்ணிய தூக்கினு வரா, பாருங்க."

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தேன். கல்லும் தண்ணீரும் மட்டும் இருந்த அந்த வாரங்களில் நான் அதைப் பார்த்துக்கொண்டே தைப்பேன். "கல்லப் போயி இன்னாத்த பாக்கறே, அது இன்னா குட்டி போடுமா?" என்பார் மாமியார். எனக்குக் காத்திருப்பது புதிதா என்ன. கல்யாணமான நாளிலிருந்து அதுதானே வேலை.

பொங்கல் கழித்து முதல் பட்டனை வாங்கி வந்து வைத்தேன். அது விரியவே இல்லை. இறுக்கி மூடிக்கொண்டது, பிறகு கூழாகி, ஒரு நாற்றம் கிளம்பியது. அதை எடுத்துக் கொட்டிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். செத்தது சுண்டுவிரல் நகம் அளவு உயிர்தான். ஆனால் அவர் வருகிறதே நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்கு மாமியார் கேலி செய்யவில்லை. டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு, "உடு. அவனுக்குத் தெரியவா போவுது" என்றார்.

மாமியார் வாய் சும்மா இருக்குமா? எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு மாடிக்கே வந்து தொட்டியைப் பார்த்தார். "பைத்தியமா நீ? கம்பெனித் தண்ணியும் சாக்கடையும் கலக்கற எடம் அது. மீனே அங்க நிக்க மாட்டாம ஓடுது, உம் பூவு நிக்குமா?" என்று திட்டினார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். அவர் தம்பி விசைப்படகில் போகிறவர். போனால் நாட்கணக்கில் கடலிலேயே தங்குவார்கள். குடிக்கக் கேன் கேனாக நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு போவார்கள், திரும்பும்போது கேன்கள் காலியாக வரும். அதில் ஒன்றிரண்டை நீலத் தண்ணீரில் முக்கி நிரப்பி வரச் சொல்கிறேன் என்றார்.

"எவ்ளோக்கா தரணும்?"

"கடல் தண்ணிய வித்தாங்கன்னு எங்க வூட்டுக்குப் பேர் வாணாம். டீ போடு, குட்ச்சிட்டுப் போறேன்."

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவில் மீன் கூடைகளுக்கு நடுவே ஒரு கேன் வந்தது. ஒரு டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அத்தனை தெளிவு. நாக்கில் வைத்தேன், கரித்தது. இதுவும் நம்ம கடல்தானா என்று மாமியாரிடம் கேட்டேன். அவரும் டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பழைய தண்ணீரைக் கொட்டி, கல்லைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கொளத்தூர்க்காரர் இரண்டாவது துண்டைக் கொடுக்கும்போது, "இதுவும் பூட்ச்சின்னா கோல்டுஃபிஷ் தான்" என்றார். வைத்த மூன்றாம் நாள் காலை, மிஷினில் உட்காரப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். விரிந்திருந்தது. பச்சைத் தட்டு, நடுவில் ஆரஞ்சுப் புள்ளி, ஓரமெல்லாம் மயிர் மயிராக. மாமியாரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் சாயங்காலம் சீரியல் போடவே இல்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ரகசியத்தைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஒருநாள் போனில் மாமியார், "உம் பொண்டாட்டி கல்லுக்கு ஃபேன் போட்டுகினு கீறா, எனக்குப் போட மாட்டேங்கறா" என்று ஆரம்பித்துவிட்டார். நான் போனைப் பிடுங்கி, அத்தைக்கு வெயிலில் தலை சுற்றுகிறது என்று சமாளித்தேன்.

பங்குனியில் வருவதாக இருந்தவர் வரவில்லை. மாற்று ஆள் இல்லை, லீவு தள்ளிப் போய்விட்டது, சித்திரை கடைசியில் பார்க்கலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு ஒரு கஸ்டமரின் பட்டு பிளவுஸுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

சித்திரை பிறக்கும் முன் ஒரு நாள் மீன்கார அக்கா வந்தார். கீழே ஆட்டோ நிறையக் கேன்கள்.

"எதுக்குக்கா இத்தன?"

"தடைக்காலம் வருது இல்ல. ரெண்டு மாசம் போட் போவாது. உம் புருசன் அதுக்குள்ளதான வரான்? எனக்கே தோணல. தம்பிதான் சொன்னான், அந்தப் பொண்ணு தண்ணிக்கு இன்னா பண்ணும், கடசீ டிரிப்ல எல்லாக் கேனையும் ரொப்பினு வந்துடறேன்னு."

மீன் இனப்பெருக்கத்துக்காக வருடா வருடம் விசைப்படகுகளை நிறுத்துவது எனக்குத் தெரியாததா? மீன் விலை ஏறும்போது புலம்புகிறவள்தானே நான். என் தொட்டிக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. என் முகமே பார்த்திராத ஒருவருக்கு, நடுக்கடலில், உடம்பு ஓய்ந்து வீடு திரும்புகிற நேரத்தில் தோன்றியிருக்கிறது. கேன்களை மாடிப்படிக்கு அடியில் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். மூடிவிட்டு அங்கேயே படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கத்திரி வெயில். ஃபேன் நிற்காமல் ஓடியது. மின்சாரம் போனால் நானும் மாமியாரும் மாற்றி மாற்றி விசிறினோம். பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, மூடி கழலாமல் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஒன்று இரண்டாகி, இரண்டு கூட்டமாகி, கல்லில் பாதியைப் பட்டன்கள் பிடித்துக்கொண்டன.

அவர் வந்தது ஒரு மத்தியானம். இளைத்துப்போய் வந்திருந்தார். குளித்துச் சாப்பிடும்வரை தொட்டியைப் பழைய புடவையால் மூடி வைத்திருந்தேன். பிறகு கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்து, புடவையை எடுத்து, நீல லைட்டைப் போட்டேன்.

அவர் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே இப்டித்தான் ஆடுமா இது?"

"இன்னா மாமா, தெனமும் பாக்கற ஆளு என்னப் போயி கேக்கறீங்களே" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நான் எங்கடி பாத்தேன்? பகல் பூரா மிஷின் ரூம்புல கீறேன். கெஸ்ட்டு குளிக்கிற பக்கம் எங்கள உட மாட்டாங்க. எனக்கு நீச்சலும் தெர்ல. கடல்ல முழுவக் கத்துக் குடுக்கற ஆளு ஒருத்தரு கீறாரு, அவரு எடுத்தது அதெல்லாம். நீ ஆசயா பாக்கறேன்னு கேட்டு வாங்கி வாங்கி அனுப்புனேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் கண்ணால் பார்த்ததை நானும் பார்க்கிறேன் என்று நினைத்துத்தானே அந்த வீடியோக்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன். "நீங்க பாக்கறீங்கன்னுதான மாமா நானு..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், பார்வை மட்டும் தொட்டியை விட்டு நகரவில்லை. அந்த மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனே என்று அழுகை வந்தது. அடுக்களையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த லீவு முழுக்க அவர் எங்கும் போகவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எந்தப் பட்டன் முதலில் விரிகிறது, எது கடைசியில் மூடுகிறது என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. "ரெண்டும் கல்லப் பாத்துகினே கஞ்சியக் குடிங்க" என்றார் மாமியார், ஆனால் அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் சொன்னார்.

அவர் திரும்பிப் போகும் முன் படகுக்காரத் தம்பியைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று காசிமேட்டுக்கு இருவரும் போனோம். தடைக்காலம் என்பதால் அவர் கேரளா பக்கம் தொழிலுக்குப் போய்விட்டிருந்தார். அவருக்காக வாங்கியிருந்த சட்டையை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இன்றுவரை அவர் முகம் எனக்குத் தெரியாது. கேன் மட்டும் தவறாமல் வருகிறது.

இப்போதும் என் கணவர் மாலத்தீவில்தான் இருக்கிறார். வேலை முடிந்து போன் செய்தால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதக் காட்டு" என்பார். நான் தொட்டிக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் இருக்கிற மனிதருக்குத் திருவொற்றியூர் மாடியிலிருந்து கடலைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். சில நாள் சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிடும், அப்போதும் இருவருமே வைக்க மாட்டோம். இன்றைக்கு அங்கே என்ன பார்த்தீர்கள் என்று நான் அவரைக் கேட்பதை அந்த மத்தியானத்தோடு விட்டுவிட்டேன்; என்ன பார்க்கக் கிடைக்கவில்லை என்றுதான் கேட்கிறேன், அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகு நேரம் ஆகிறது.