ஒரு மூட்டை அரிசிக்குப் போன படங்கள்

பென் டிரைவ் வந்தபிறகு என் சினிமா டிவிடிகளை வீட்டில் யாரும் சீண்டவில்லை. சும்மா தூக்கிப்போட நான் என்ன ஏமாளியா? இருநூறு படங்களையும் இரண்டு கட்டைப்பைகளில் போட்டுக்கொண்டு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே படம் வாடகைக்கு விடும் கடைக்காரர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்ப யாரு சார் இத எடுக்கறாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்த என் மனைவியின் தம்பியிடம் பொரிந்து தள்ளினேன். காட்டுமன்னார்கோயிலில் நெல் பயிரிடுபவன் அவன்.

"அவர வுடுங்க மாமா. வயல்ல குருவித் தொல்ல ஜாஸ்தி. இதக் கயித்துல கட்டி வுட்டா வெயில்ல மின்னும், ஒண்ணும் கிட்ட வராது. எனக்குக் குடுங்க, ஒரு மூட்ட அரிசி தரேன்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவன் ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தான். கீறல் விழுந்து மங்கியவை மின்னாதாம். அப்படிப் பன்னிரண்டைத் திருப்பித் தந்தான். வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்த படங்கள். பளபளவென்று வயலுக்குப் போனவற்றில் பாதியை முழுதாகப் பார்த்ததுகூட இல்லை.

இருநூறு படம் வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனிடம் இருந்தது இந்தப் பன்னிரண்டுதான்.