மோசமாப் போயிட்டாரு என்று நான் சொன்ன காலை

காலை பதினொரு மணியிருக்கும். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

“தங்கச்சி, பொடிய எத்தினை மணிக்குத் தருவியள்?”

யாருடைய உடல் என்று கேட்டேன். ஏழாம் கட்டில் சிவபாதம் ஐயாவின் பெயரைச் சொன்னார். திரும்பிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். மொனிட்டரில் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஐயா உயிரோடு இருந்தார்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் வார்ட் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது எனக்கு மூன்றாவது கிழமை. சொந்த ஊர் மலைநாட்டில் பண்டாரவளை. வெளிநாட்டிலிருந்து கோல் எடுக்கும் பிள்ளைகளுக்கு, டொக்டர் எழுதியதைப் பார்த்து நோயாளியின் நிலையைச் சொல்வதும் என் வேலை.

“ஐயா உசுரோடதான் இருக்காரு, சேர்.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. மருமகன் கனடாவிலயிருந்து எடுத்துக் குழறினவன். ஆஸ்பத்திரியிலதான் சொன்னவையாம்.”

அவர் ஐயாவின் மைத்துனர், மனைவியின் தம்பி. போனை நீட்டினார். வட்ஸ்அப்பில் கறுப்புக் கரை போட்ட ஐயாவின் படம். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’.

சொன்னது நான்தான். ஒன்பதரைக்கு ஐயாவின் மகன் கனடாவிலிருந்து எடுத்தபோது, “நேத்தைய விட ரொம்ப மோசமாப் போயிட்டாரு சேர்” என்றேன். மறுமுனையில் ஒரு சத்தம். லைன் கட்டானது. நான் அடுத்த ஃபைலை எடுத்துவிட்டேன்.

சிஸ்டர் மரீனா வந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், எல்லா ஊர்த் தமிழும் காதில் விழுந்து வளர்ந்தவர். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்தார்.

“ஐயோ பிள்ள! யாழ்ப்பாணத்து ஆக்களிட்ட மோசம் போயிட்டார் எண்டா செத்துப்போயிட்டார் எண்டுதான் அர்த்தம்!”

எங்கள் பக்கத்தில் மோசம் போனவன் என்றால் ஏமாந்தவன். மோசமாகப் போவதென்றால் நிலைமை கெடுவது. சாவு அந்தச் சொல்லுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது.

“அக்காவுக்கும் சொல்லிப்போட்டம்,” என்றார் மைத்துனர். “அவ பைபாஸ் செய்த ஆள்.”

வீட்டுக்குக் கோல் எடுத்தார். யாரும் தூக்கவில்லை. மறுபடி எடுத்தார். நான் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நேரம் வரவில்லை. அந்த அம்மாவுக்கு ஏதாவது நடந்திருந்தால் என்ற ஒரே நினைப்புத்தான்.

இருபது நிமிடம் கழித்து அந்த அம்மா த்ரீவீலரில் வந்து இறங்கினார். காலில் செருப்பில்லை. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். விசிட்டிங் நேரம் பார்க்காமல் சிஸ்டர் அவரை நேரே உள்ளே கூட்டிப்போனார். அம்மா போர்வைக்குள் கைவிட்டு ஐயாவின் பாதத்தைத் தொட்டார்.

“சூடாக்கிடக்கு,” என்றார். பிறகுதான் அழுதார்.

மகனுக்கு நானே எடுத்தேன். “சேர், அப்பா உயிரோட இருக்காரு. நான் சொன்னதுதான் பிழை.”

“இன்னொருக்காச் சொல்லுங்கோ,” என்றார். சொன்னேன்.

செத்தவீட்டுக்கு வரவென்று போட்ட டிக்கட்டை அவர் கான்சல் பண்ணவில்லை. மூன்றாம் நாள் வந்து, நான்கு நாள் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தார். ஐயா இரண்டு தரம் கண் திறந்து அவரைப் பார்த்தார் என்று சிஸ்டர் சொன்னார். மகன் வந்த ஐந்தாம் நாள் ஐயா இறந்தார். மகன் ஃபோர்மில் கையெழுத்து வைத்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். மன்னித்தாரா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னொரு நாள், தாயைச் சேர்க்க வந்த தமிழ் டீச்சர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். ‘மோட்சம் போனார்’ என்பதே பேச்சில் தேய்ந்து ‘மோசம் போனார்’ ஆகியிருக்கலாம் என்றார். நாங்கள் பேசும் மோசம் வேறாம். களவைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்ததாம். ஒன்று சொர்க்கத்திலிருந்து வந்தது, மற்றது திருட்டிலிருந்து. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது: ‘சீரியஸ்’ என்று சொல்லுங்கள், ‘உயிரோடு இருக்கிறார்’ என்பதை முதலில் சொல்லுங்கள், கேட்டவரை அதைத் திருப்பிச் சொல்லவையுங்கள். சொல் எந்த ஊரிலும் பிழையாகிப்போகலாம். ஆனால் அன்று லைன் கட்டானதும் நான் உடனே திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதற்கு எந்த அகராதியையும் காரணம் சொல்ல முடியாது.