நாலு காலும் தரையில்

"மனுசனுக்குச் சொன்னாலே இந்த லயத்துல ஏறாது. நீ நாய்க்குப் பாடம் எடுக்கப்போறியா?" என்று அண்ணன் கேட்டார். அப்போது அவர் கையில் ஓர் உரச் சாக்கு இருந்தது.

அன்று பகல் அண்ணி ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் செவலை நாய் ஓடிப்போய் இரண்டு முன்னங்கால்களையும் அவர் வயிற்றில் வைத்துப் பாய்ந்தது. அண்ணி தடுமாறி வடிகால் கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. ஆனால் அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. இதற்கு முந்திய பிள்ளை தங்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் காம்பரா அறையில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் பக்கத்தில் வேண்டாத நாயைச் சாக்கில் கட்டி, த்ரீவீல் ஆட்டோவில் போட்டு, அவிசாவளை டவுனுக்கு அப்பால் ஏதாவது ஒரு சந்தியில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அண்ணி கர்ப்பிணிகளுக்கான அடுத்த கிளினிக் போகும் நாள் வரை பொறுக்கும்படி அண்ணனிடம் கேட்டேன். அதற்குள் நாயைத் திருத்திக் காட்டுவதாகச் சொன்னபோதுதான் அவர் அப்படிக் கேட்டார். பிறகு, அண்ணி மேல் இன்னொரு தடவை பாய்ந்தால் என்னைக் கேட்காமலே கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொல்லிச் சாக்கை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அண்ணன் சின்ன வயதிலேயே ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். நான் இன்று தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். காலையில் சாரி கட்டிக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். அதை ஒளித்துவைக்க எனக்கு வராது. பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்த பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். ஒரு நாயைத் தரையில் நிற்க வைக்க முடியாதா என்று நினைத்தேன்.

கைபேசியில் தேடி வாசித்தேன். நாய் பாய்வது நம் கவனத்துக்காக. அதட்டினாலும் தள்ளினாலும் அதுவும் அதற்குக் கவனம்தான். பாயும்போது பேசாமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்க வேண்டும். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, தடவி, தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும்.

முதலில் பிசகியது. பாய்ந்து இறங்கியவுடன் பிஸ்கட் துண்டு கொடுத்தேன். நாய் அதை வேறு மாதிரிப் படித்துக்கொண்டது. என் சாரியில் இரண்டு கால்களையும் வைக்கும், உடனே இறங்கும், வாயைத் திறந்து காத்திருக்கும். அடுத்த காம்பராப் பெரியம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, ஒங்க புள்ள நல்லா ஏறி எறங்குதுங்க. எத்தனாம் வகுப்பு?"

அதன் பிறகு, அது பாய நினைக்கும் முன்பே குனிந்து பிஸ்கட்டை அதன் மூக்குக்குக் கீழே கொண்டுபோனேன். தலை கீழே இருந்தால் முன்னங்கால்கள் எழுவதில்லை.

லயத்து நாய் ஒரு வீட்டு நாய் அல்ல. எல்லாக் காம்பரா வாசலிலும் அதற்கு ஒரு வாய் கிடைக்கும். ஆண்கள் முழங்காலால் தள்ளி விளையாடுவார்கள். அதனால் ஒவ்வொரு வாசலாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தவர்களும் அண்ணியின் பேரைச் சொன்னதும் சரி என்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்தான் ஒழுங்காகச் செய்தார்கள். நாயைக் கண்டதும் கைகளைக் கட்டி, வரிசையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். அது அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சலித்துப்போய் உட்காரும்.

மெல்ல மெல்ல யார் மேலும் பாயாமல் ஆனது. அண்ணி ஒருவரைத் தவிர. அவர் வரும் நேரத்தில் அதைக் கட்டிவைப்பேன்; அவரைப் பாதை வளைவில் கண்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். அண்ணி முதுகைக் காட்டுவதில்லை. வயிற்றைப் பொத்திக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குள் போய்விடுவார்.

கிளினிக் நெருங்கிக்கொண்டிருந்தது. மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்கும்போது, ஏன் முதுகைக் காட்டுவதில்லை என்று அவரிடம் கேட்டேன்.

"அதுக்குப் பாயச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் புள்ள," என்றார். "ஆஸ்பத்திரியிலருந்து வெறுங்கையா வந்தேன்ல. வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. இது அப்ப குட்டி. ரெண்டு காலையும் புடிச்சுத் தூக்கி நெஞ்சுல வச்சுக்குவேன். அப்பதான் எனக்கு மூச்சே வரும். இப்ப அதுக்கு நான் முதுகக் காட்டணுமா? அது என்ன நெனைக்கும்?"

அந்த மாதங்களில் நான் ஆசிரியப் பயிற்சிக்காக வெளியூரில் தங்கியிருந்தேன். இது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரிந்திருக்காது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மொத நாள் பள்ளிக்கூடத்துல புள்ளைய விட்டுட்டு அம்மாமாருங்க திரும்பிப் பாக்காமத்தான் போறாங்க அண்ணி. நான் வாசல்ல நின்னு பாக்குறேன். மத்தியானம் அவங்களேதான வந்து தூக்கிக்கிட்டுப் போறாங்க."

அவர் குடத்தையும் நான் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் நாயை இஸ்தோப்புத் தூணில் கயிற்றால் கட்டினேன், அவரை எட்டாத தூரத்தில். அண்ணி வந்து நின்றார். அது பாய்ந்தது, கயிறு இழுத்தது. அண்ணி திரும்பிக்கொண்டார். நாய் முனகியது. அப்படி ஒரு சத்தத்தை அது அதற்குமுன் போட்டு நான் கேட்டதில்லை. அண்ணியின் தோள்கள் குலுங்கின. ஆனால் திரும்பவில்லை.

முனகல் நின்றது. நாலு காலும் தரையில் இருந்தன. "இப்ப," என்றேன். அண்ணி திரும்பி வந்து படியில் மெதுவாக உட்கார்ந்து கையை நீட்டினார். நாய் தலையைத் தாழ்த்தி அந்தக் கைக்குள் மூக்கை வைத்தது. அண்ணி அதன் காதுக்குப் பின்னால் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் தினமும் பால் நிறுத்து வந்ததும் இதே வேலை. அண்ணி முதுகைக் காட்ட வேண்டிய நேரம் ஒவ்வொரு நாளும் குறைந்தது.

கிளினிக் போகும் காலையில் கயிற்றை அவிழ்த்தேன். அண்ணன் கதவருகே நின்றார். அண்ணி படியிறங்கினார். நாய் ஓடிவந்தது, அவர் காலடியில் சட்டென்று நின்றது. உடம்பு முழுக்க நடுங்கியது, வால் புழுதியைக் கிளப்பியது, ஆனால் கால்கள் எழவில்லை. அண்ணி அதன் தலையைத் தொட்டுவிட்டு நடந்தார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்," என்றார். பிறகு, "புள்ள பொறந்து வீல்னு கத்துனா இது என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?" என்றும் சொன்னார்.

அவர் கேட்டது நியாயம்தான். நேற்று மாலை கீழ் லயத்துக்குப் போனேன். அங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறது. அதன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, குழந்தை பசித்து அழுததைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு வந்தேன். இன்று அதைச் சத்தம் குறைத்து முதல் தடவை போட்டேன். நாய் காதுகளை நிமிர்த்தியது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. நான் பிஸ்கட் துண்டை அதன் முன்னால் வைத்தேன்.

படியில் உட்கார்ந்திருந்த அண்ணி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கூட்டினேன்.